கச்சான் காற்றின்மீது சுமத்திய பழி

தொழிற்சாலைக்குள் தகாத மணம் ஒன்று எழுந்தால் உங்கள் முகம் முதலில் எப்பக்கம் திரும்பும்? நறுமணத் துறைக்குப் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் உங்களிடம் நான் கேட்க விரும்பும் வினா இது ஒன்றே. கருவிகளை என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள். ஒரு துளியை உட்செலுத்தி, அதில் என்னென்ன உள என்பதைத் திரையில் வாசித்துவிடுகிறீர்கள். நன்று. ஆயினும் எந்தத் துளியை எடுக்க வேண்டும் என்பதைத் திரை சொல்லாது. அதற்கு முகம் சரியான பக்கம் திரும்பியிருக்க வேண்டும். எங்கள் முகங்கள் ஒரு பருவம் முழுவதும் பிழையான பக்கமே திரும்பியிருந்தன. அதனால் ஒரு பெண் தன் தொழிலிடத்தை விட்டு எழும்ப வேண்டிய நிலை வந்தது. அதனை எரிச்சலின்றிச் சொல்ல இன்றும் எனக்கு இயலவில்லை, பொறுத்தருள்க.

இலங்கையில் போர் ஓய்ந்து சில ஆண்டுகளின் பின், மேற்குக் கரையில் கற்பிட்டிக்குப் போகும் வீதியோரத்தில், கடலுக்கும் களப்பு என்னும் காயலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்தில் எங்கள் நொதிச்சாலை எழுந்தது. ஆமணக்கெண்ணெயிலிருந்து கனியின் மணத்தை உண்டாக்குவதே எங்கள் பணி; மணத்துக்குப் பொறுப்பான வேதியியலாளன் நான். எண்ணெயை முதலில் ஒரு நொதியம் பிளந்து கொழுப்பமிலத்தைப் பிரித்துத் தரும். அவ்வமிலத்தை, ஈஸ்ட் என்று நீங்கள் சொல்லும் மதுவம் ஒன்று தின்று, படிப்படியாகக் கத்தரித்து, ஈற்றில் பீச்சுப் பழத்தின் மணம் வீசும் சேர்வை ஒன்றாக விட்டுவிடும். அப்பழத்தைக் குழிப்பேரி என்று தூய தமிழில் அழைக்குமாறு பலமுறை சொன்னேன், ஒருவரும் செவிசாய்க்கவில்லை. பணியாளருள் எவரும் அக்கனியைக் கண்டதுமில்லை. ஆகவே அனைவரும் அதனை ‘மாம்பழம்’ என்றே வழங்கினர். “சேர், இண்டைக்கு மாம்பழம் நல்லாப் பழுத்திரிக்கி” என்பர். ஆமணக்கெண்ணெயில் மாம்பழம் பழுக்கும் விந்தையை ஊரார்க்கு விளக்கி நான் களைத்துப்போனேன். ஒரு திருமண வீட்டில் முதியவர் ஒருவர் என் முகத்துக்கு நேரே மூக்கைப் பொத்திக்கொண்டார். “சின்னதுல வாப்பா அமத்திப் பிடிச்சுப் பருக்கின எண்ணெய். அது உள்ள போனா வெளிய என்ன வருமெண்டு எனக்குத் தெரியும். மாம்பழம் வராது” என்றார். கூடியிருந்தோர் சிரித்தனர். நான் எழுந்து கைகழுவப் போனேன்.

இனி இடத்தின் அமைப்பைச் சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்துக்கு மேற்கே, கடலுக்கும் எமக்கும் இடையில், ஜெமீலா என்பவரின் கருவாட்டு வாடி இருந்தது. வாடி என்றால் ஓலைக் கொட்டில் ஒன்றும், மீன் உலர்த்தும் பரண்களும், உப்புத் தொட்டிகளும். ஜெமீலா தொண்ணூறாம் ஆண்டில், போருக்கிடையே, வடக்கின் முஸ்லிம்கள் அனைவரோடும் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர். அவரும் அவரோடு சேர்ந்த பெண்களும் மீனைக் கீறி, உப்பிட்டு, பரணில் விரிப்பர். ஆண்டின் நடுப்பகுதியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து மணலையும் உப்பையும் வாரிக்கொண்டு வீசும். வாடியின் மணமும் அதனுடன் எங்கள் கட்டடத்துக்குள் வந்து குடியேறும். அதற்கு நாங்கள் கைக்கொண்ட பரிகாரம் ஒன்றே: மீன் மணந்தால் சாளரத்தைச் சாத்துவது. யாரும் யாருக்கும் கற்பிக்கவில்லை. தும்மல் வந்தால் முகம் திருப்புவது போல அது தானாக நிகழ்ந்தது.

ஆண்டின் தொடக்கத்தில் தலைமையகம் ஒரு மாற்றத்தைச் செய்தது. எண்ணெயும் நீரும் ஒன்றாய்க் கலப்பதற்கு நாங்கள் முன்னர் சேர்த்த பொருளின் பிறப்பு விலங்கா தாவரமா என்று வாங்குவோர் ஐயுற்றனர். ஆகவே சோயாவிலிருந்து எடுத்த இலெசிதின் என்னும் பிசின்போன்ற பொருள் வந்தது. நல்ல பொருள்தான். ஆயினும் தேன்பாகு போல் ஒட்டிக்கொண்டு எளிதில் கலவாது. பணிமுறைப் பொறுப்பாளர் ரிஸ்வான் தாமே ஒரு வழி கண்டார். புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்த, எதற்கும் விடை வைத்திருக்கும் மனிதர் அவர். முதல்நாள் மாலையே எண்ணெயையும் நீரையும் இலெசிதினையும் கலவைத் தாங்கி எனும் பெருந்தொட்டியில் சேர்த்து மூடிவைத்து, மறுநாள் காலையில் எடுத்தார். “அப்ப மாவு மாதிரி சேர். ஊறினாத்தான் சேரும்” என்றார். கலவை உண்மையாகவே வழுவழுப்பாகச் சேர்ந்தது. எல்லோரும் மகிழ்ந்தோம். இதனை நினைவில் வைத்துக்கொள்க.

கச்சான் தொடங்கிச் சில கிழமைகளில் கொழும்பிலிருந்து முகாமையாளர் காரில் வந்து இறங்கினார். கதிரையில் அமரவுமில்லை.

“ஐயா, வெளிநாட்டுக்காரன் சரக்கைத் திருப்பி அனுப்பிப்போட்டான். பழத்துக்குள்ள மீன் செத்துக் கிடக்குதாம்.”

“மணக்குழு நன்று என்றுதானே சொன்னது?” என்றேன்.

சொன்ன பிறகே என் வினாவின் பயனின்மை எனக்குப் புலப்பட்டது. மணக்குழு என்பது எங்கள் பணியாளருள் கூர்மையான மூக்குடையோர் சிலர். காகிதக் கீற்றில் தோய்த்த துளியை முகர்ந்து தீர்ப்புரைப்பர். அனைவரும் அந்தக் கடற்கரையிலேயே பிறந்தவர்கள். மலர்களின் மணத்தில் மயிரிழை வேறுபாட்டையும் பிரித்தறிவர். ஆனால் கருவாட்டு மணம் அவர்களுக்கு ஒரு மணமே அன்று. அது காற்றின் இயல்பு. சிலாபத்துக்கு அண்மையில் கடலோரம் பிறந்த என் மூக்கும் அவர்களுடையதைவிட மேலானது அன்று.

“இதுல ஆராய என்ன இரிக்கி சேர்?” என்றார் ரிஸ்வான். “கச்சான். ஜெமீலா தாத்தாட வாடி. மூக்குள்ள ஆருக்கும் வெளங்கும்.” அக்காவை அவர்கள் ‘தாத்தா’ என்பர்.

அவர் கூற்றில் எனக்கும் பிழை தென்படவில்லை என்பதையே நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மதுவம் உயிர்ப்பதற்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்தே உறிஞ்சினோம். எங்கள் வடிகட்டிகள் கிருமியைத் தடுக்கும், மணத்தைத் தடுக்கா. வெளியே மீன், உள்ளே காற்று, சரக்கில் மீன் மணம். எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! பொருந்தாத விளக்கம் ஆளை உறங்கவிடாது. பொருந்திய விளக்கமோ தாலாட்டும்.

ஒன்று மட்டும் உறுத்தியது. “சென்ற ஆண்டுக் கச்சானிலும் இதே வாடி இருந்ததே. அப்போது சரக்கு ஏன் கெடவில்லை?” என்று கேட்டேன்.

“இந்த வருசம் காத்து சரியான கூட சேர்” என்றார் ரிஸ்வான்.

“மீனும் கூடப் பட்டிருக்கும்” என்றார் முகாமையாளர்.

“பரணும் கிட்ட வந்திரிக்கி போல” என்றார் ரிஸ்வான் மீண்டும்.

விடையில்லா வினாவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஒரே வினாவுக்கு மூன்று விடைகள் மூச்சுவிடாமல் வந்தால் அஞ்சுங்கள்.

அதன்பின் அடைக்கத் தொடங்கினோம். சாளர இடுக்குகளுக்கு ஒட்டுநாடா வைத்தோம். கதவுகளுக்கு ஈரச்சாக்குத் தொங்கவிட்டோம். கலவை அறைக்கு இரட்டைக் கதவு போட்டோம். என்ன விந்தை! அடைக்க அடைக்க உள்ளே மணம் கூடியது. இதிலிருந்து ஒரு சிறு பிள்ளையும் எடுக்கக்கூடிய முடிவை நாங்கள் எவரும் எடுக்கவில்லை. இன்னும் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று கூறி மேலும் ஒட்டுநாடா வாங்கினோம். பட்டம் பெற்றவர்கள் நாங்கள்!

ஈற்றில் முகாமையாளர் வாடியையே அகற்ற முனைந்தார். ஜெமீலா இருந்தது கடற்கரை அரச காணி. தற்காலிக உத்தரவின் பேரில் இருந்தார். நிறுவனம் பிரதேச அலுவலகத்தில் முறையிட்டது. விசாரணைக் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். செய்தி காற்றைவிட விரைவாக வாடியை அடைந்தது. மறுநாள் காலை ஜெமீலா எங்கள் வாயிலில் நின்றார். கையில் மீன் கீறும் கத்தி இருந்தது. வேலையிலிருந்து நேரே வந்தமையால் அது கையிலேயே இருந்தது என்று பின்னர் விளக்கினார். காவலாளி அவ்விளக்கத்துக்குக் காத்திராமல் உள்ளே ஓடிவந்துவிட்டார்.

“ஆர் இங்க பெரிய மூக்கு?” என்றார் ஜெமீலா.

எல்லோரும் என்னைப் பார்த்தனர்.

“நீங்கதானா சேர்? என்ட மீன் மணக்குதெண்டு எழுதிக் குடுத்தீங்களாம். மீன் பின்ன மல்லிகையா மணக்கும்?”

“நான் எழுதவில்லை தங்கச்சி.”

“உங்கட கொம்பனி எழுதினது. கொம்பனிக்கு மூக்கு நீங்கதானே?”

ரிஸ்வான் இடைபுகுந்தார். “தாத்தா, சத்தம் போடாதீங்க. கொஞ்சம் வடக்கால தள்ளிப் போட்டா என்ன?”

“வடக்கால உன்ட மாமனார்ட காணி. கேட்டு வாங்கித் தாறியா?”

ரிஸ்வான் தம் காலணியை ஆராயத் தொடங்கினார்.

ஜெமீலா என் பக்கம் திரும்பினார். அப்போது குரல் தாழ்ந்திருந்தது. “சேர், மன்னாரில இருந்து எழும்பேக்க உடுத்த உடுப்போட எழும்பினம். இங்க வந்து ஒரு கொட்டில்ல இருந்தம். அதில இருந்து எழும்பு எண்டாங்க. எழும்பினம். பிறகும் எழும்பினம். இந்த வாடிக்கு நானே கிடங்கு வெட்டி, நானே கால் நட்டன். ஒரு போத்தல் மணத்துக்காக இன்னொருக்கா எழும்ப மாட்டன். எழுப்புறதெண்டா கருவாட்டோட சேத்து என்னையும் கட்டித் தூக்குங்க.”

அவர் போன பின்னர் முகாமையாளர் தொலைபேசியில் அழைத்தார்.

“கூட்டத்தில நீங்கதான் கதைக்க வேணும் ஐயா. உங்கட தமிழைக் கேட்டால் எவனும் மறுத்துக் கதைக்க மாட்டான்.”

“நிறுவப்படாத ஒன்றை நான் சொல்வது முறையன்று.”

“நிறுவிக்கொண்டிருக்க நேரமில்லை ஐயா. காற்றில்லை எண்டால் பிழை எங்கட உள்ளுக்குள்ள. அப்ப வாங்கிறவன் போயிடுவான். உள்ள நிக்கிற இவ்வளவு பிள்ளைகளும் எங்க போறது? அதையும் நீங்களே சொல்லுங்கோவன்.”

இதனை வெறும் மிரட்டலென ஒதுக்க முடியவில்லை. அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அப்பணியாளரின் முகங்களை அவரைவிட நான் நன்கறிவேன். எனினும் ஒரு பக்கத்து வயிறுகளைக் காட்டி மறுபக்கத்து வயிற்றில் அடிக்கச் சொல்வது எவ்வகை நியாயம்? சினத்துடன் தொலைபேசியை வைத்தேன். என்ன செய்வதென்று மட்டும் தெரியவில்லை.

அதற்கிடையில் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. மதுவத்துக்குப் பெருநாள் இல்லை. கலன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே அந்நாளில் என்னைப்போன்ற முஸ்லிமல்லாதோர் பணியைப் பொறுப்பேற்பது எங்கள் வழக்கம். நானும் கொதிகலன் இயக்கும் சிங்களத் தொழிலாளர் ஒருவரும் மட்டுமே இருந்தோம். காலையில் வந்தபோது வாடியைக் கடந்து நடந்தேன். படகுகள் யாவும் முன்னரே கரையேற்றப்பட்டிருந்தன. ஜெமீலா உலர்ந்தவற்றைக் கட்டி அனுப்பிவிட்டு, பரண்களைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்திருந்தார். சில நாள்களாகவே அங்கு மீன் இல்லை. கச்சான் மட்டும் தன் வேலையைத் தவறாமல் செய்துகொண்டிருந்தது. என் சால்வையைப் பறிக்கப் பார்த்தது. நின்று முகர்ந்தேன். உப்பு, சூடேறிய மணல். வேறொன்றுமில்லை.

கலவை அறையின் முதற்கதவைத் திறந்தேன். ஈரச்சாக்கை விலக்கினேன். இரண்டாம் கதவைத் திறந்தேன். மீன் மணம் என்னை முகத்தில் அறைந்தது. சில நாள்கள் ஓய்ந்திருந்த என் மூக்கு, அன்றுதான் அதனை மணமாகவே உணர்ந்தது போலும்.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? என் கை சாளரத்தை நோக்கி நீண்டது. அது ஏற்கெனவே சாத்தப்பட்டு, இரட்டை ஒட்டுநாடாவும் ஒட்டப்பட்டு, காற்றுப் புகாமல் இருந்தது. சாத்திய சாளரத்தின் முன் நீட்டிய கையுடன் நின்றேன். வெளியே மீன் இல்லை. உள்ளே மீன் மணம். மெதுவாகத் திரும்பினேன். அறையில் இருந்தது ஒன்றே ஒன்று: ஊறிக்கொண்டிருந்த கலவைத் தாங்கி. பணியாளர் பெருநாளுக்கு விரைந்தமையால் வழமையைவிட நெடுநேரம் ஊறியிருந்தது. மூடியைத் திறந்தேன். உடனே மூடினேன்.

ரிஸ்வானைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“பெருநாள் சோத்துல கை வெச்ச நேரம் சேர்!”

“கையைக் கழுவிவிட்டு வாரும்.”

புது உடுப்பில், தொப்பியுடன், வாழையிலையில் கட்டிய சோற்றுப் பொதி ஒன்றை எனக்காக ஏந்தியபடி வந்தார். தாங்கியின் மூடியைத் திறந்து, முகரும்படி சொன்னேன். குனிந்து ஆழமாக மூச்சிழுத்தார்.

“நல்ல மணம் சேர். ஊது, அகில் மாதிரி.”

“அது உம்முடைய அத்தர்!” என்று கத்திவிட்டேன். “நறுமணத் தொழிற்சாலையில் பொறுப்பில் இருப்பவர் அத்தர் பூசிக்கொண்டு மணம் பார்க்கலாமா?”

“பெருநாள் சேர்! பூசாமப் பள்ளிக்குப் போறதா?”

குழாயடிக்கு அனுப்பினேன். கழுத்தும் மணிக்கட்டும் சவர்க்காரமிட்டுக் கழுவி, முணுமுணுத்துக்கொண்டு வந்து மறுபடியும் குனிந்தார். இம்முறை நிமிர நேரமாயிற்று.

“வாடி மணம் நிலத்துல ஊறினதா இரிக்கும் சேர்” என்றார். குரலில் பழைய உறுதி இல்லை.

கொதிகலன் தொழிலாளர் வெற்றிலை போடுபவர். அவரிடம் சிறிது சுண்ணாம்பு வாங்கினேன். இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுத்தேன். ஒன்றில் ஊறிய கலவை. மற்றையதில் அதே எண்ணெய், அதே நீர், அதே இலெசிதின், அந்நேரமே கலக்கியது. இரண்டிலும் சுண்ணாம்பைக் கரைத்தேன். புதிய கலவையில் எண்ணெய் மணம் மட்டும் இருந்தது. ஊறிய கலவையிலிருந்து முழு மீன் சந்தையும் எழுந்து நின்றது.

ரிஸ்வான் ஒரு பெட்டியின்மேல் அமர்ந்துவிட்டார். “அல்லாஹ்வே” என்றார். “நாமதான் மீன் பிடிச்சிரிக்கோம்.”

நடந்தது இதுதான். மூடிய தாங்கியில், அந்தக் கடற்கரை வெக்கையில், வளி குன்றிய கலவையில் அழையா நுண்ணங்கிகள் பெருகின. இலெசிதினின் ஒரு துண்டை அவை கத்தரித்தன. மீன் பழுதாகும்போது எப்பொருள் வெளிப்படுமோ அதே பொருள் அத்துண்டிலிருந்து பிறந்தது. சுண்ணாம்பு அதனைக் கட்டவிழ்த்துக் காட்டியது. காய்ச்சி வடிக்கும்போது அதில் ஒரு சிறு பங்கு கனிமணத்தோடு ஒட்டிக்கொண்டு போயிற்று. மீனின்றி மீன் மணம் செய்திருந்தோம். மதுவத்துக்கு நாங்கள் இட்ட பணியைப் போன்றே அதுவும் நுண்ணங்கியின் நேர்த்தியான கைவேலை. என்ன, அதனை ஒருவரும் கேட்கவில்லை.

உலகில் வேறெந்த நொதிச்சாலையிலேனும் மீன் மணம் எழுந்திருந்தால், அந்நாளிலேயே தாங்கியைத் திறந்து பார்த்திருப்பர். அங்கெல்லாம் அம்மணத்துக்கு வேறு உரிமையாளர் இல்லை. எங்களுக்கோ ஆயத்தமாக ஒருவர் அயலில் இருந்தார். ஆகவே சாளரத்தைச் சாத்தினோம்.

முகாமையாளரிடம் யாவற்றையும் சொன்னேன். அவர் இறுதிவரை கேட்டார். பின்னர், “நல்லது ஐயா, கலக்கிற முறையைத் திருத்துங்கோ. கூட்டமும் நடக்கட்டும். அந்தக் காணி எப்பிடியும் எங்களுக்குத் தேவைப்படும்” என்றார்.

“எங்கள் குற்றத்துக்கு அவரை எழுப்புவதா?”

“நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தால் போதும்.”

எனக்கு இளமையில் வேதியியல் கற்பித்த ஆசிரியர் ஒருவர் சோதனை பிழைத்தால், “பிழையைத் திருத்துவது பாதி, பழியைத் திருப்பி எடுப்பது மறுபாதி” என்பார். அதன் பொருள் எனக்கு அந்நாளில்தான் முழுமையாக விளங்கியது.

கூட்டத்துக்கு இரண்டு போத்தல்களைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். சிறிய அறை, கடலை நோக்கித் திறந்த சாளரம். நடுவில் விசாரணை அலுவலர் இருந்தார். சிங்களவரெனினும் தமிழ் நன்றாகக் கதைப்பவர். ஒருபுறம் முகாமையாளரும் நானும். மறுபுறம் ஜெமீலா, நல்ல சேலை உடுத்து, முக்காட்டை இறுகப் பிடித்தபடி. என்னைப் பார்க்கவே இல்லை.

முகாமையாளர் முறையீட்டை எடுத்துரைத்தார். அலுவலர் என்னை நோக்கி, “ஐயா நிபுணர்தானே. சொல்லுங்க” என்றார்.

சொல்லாமல், ஊறிய கலவையுள்ள போத்தலைத் திறந்து சுண்ணாம்பைக் கரைத்து மேசைமேல் வைத்தேன். “இதனை முகர்ந்து பாருங்கள்.”

அலுவலர் மூக்கைச் சுருக்கினார். ஆனால் முகத்தைப் போத்தலின் பக்கம் திருப்பவில்லை! சாளரத்தின் பக்கம் திருப்பினார். “ஓம், மணக்குது. காத்துல வாறது தானே” என்றார். முகாமையாளர் விரைந்து தலையசைத்தார். எனக்கு வாய்விட்டு அழலாம்போல் இருந்தது. போத்தல் அவர் மூக்கிலிருந்து ஒரு முழத்தில் இருந்தது!

“சரியான நாத்தம். அந்த ஜன்னலைச் சாத்துங்க” என்றார் அலுவலர்.

எழுந்து போய் நானே சாத்தினேன், கொளுக்கியையும் மாட்டினேன். வந்து அமர்ந்தேன்.

மணம் எழுந்தது. மேசையைக் கடந்து, அலுமாரியைக் கடந்து, அறையின் மூலைகளை நிரப்பியது. முகாமையாளர் கைக்குட்டையை எடுத்தார். அலுவலர் சாத்திய சாளரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஈற்றில், மிகவும் மெதுவாக, போத்தலைப் பார்த்தார்.

முதலில் பேசியவர் ஜெமீலா. “என்ட வாடி இப்ப போத்தலுக்குள்ள வந்திட்டுதா சேர்?”

“இல்லை தங்கச்சி” என்றேன். “இது எங்கள் தாங்கியில் எடுத்தது. ஆமணக்கெண்ணெய், நீர், சோயா. நான் கரைத்தது வெற்றிலைச் சுண்ணாம்பு. மீன் ஒரு செதில்கூட இல்லை. புதிதாகக் கலக்கினால் இம்மணம் இல்லை. மற்றைய போத்தலில் அதுவே உள்ளது. குற்றம் முழுவதும் எங்கள் சாலைக்குள் நிகழ்ந்தது. காற்றுக்கும் இவருக்கும் இதில் பங்கில்லை.”

முகாமையாளர் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப சரி” என்றார் அலுவலர். “வாடி இருக்கட்டும். இப்ப ஆராவது அந்த ஜன்னலைத் திறங்க!”

திறந்தது ஜெமீலா.

கலவையை அன்றன்றே கலக்கத் தொடங்கினோம். தாங்கியை நாள்தோறும் கழுவினோம். ரிஸ்வான் கலக்கிக் கலக்கி வியர்த்தார், முணுமுணுத்தார், ஆனால் செய்தார். வாங்குவோரிடம் நடந்ததை மறையாது தெரிவித்தோம். முகாமையாளர் அஞ்சியவாறு அவர் போய்விடவில்லை. அடுத்த சரக்கை ஏற்றார். பணியாளர் எவரும் வேலை இழக்கவில்லை. முகாமையாளர் மட்டும் பல திங்கள் என்னுடன் அலுவல் பற்றியன்றி வேறு கதைக்கவில்லை. அது எனக்கு ஓய்வாகவே இருந்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் இவ்வளவு எரிச்சலுடன் எழுதியிருக்க மாட்டேன்.

கச்சான் ஓய்ந்து வாடைக் காற்று தொடங்கியது; இப்போது காற்று எங்கள் பக்கமிருந்து கடலை நோக்கி வீசியது. ஒருநாள் ஜெமீலா வந்தார். கத்தி இல்லை. கடதாசியில் சுற்றிய அறுக்குளாக் கருவாடு ஒன்றைக் கையில் தந்தார். “பிடிங்க சேர். வீட்டில பொரிக்கக் குடுங்க.”

பழக்கத்தால் முகர்ந்தேன். பின் மறுபடியும் முகர்ந்தேன். உப்பு, மீன், அவற்றின்மேல் மெல்லிய திரைபோல் ஒன்று.

“இது என்ன, மாம்பழமா?”

“உங்கடதுதான்” என்றார் ஜெமீலா. “காத்து மாறினா உங்கட பின்பக்கக் குழாயில இருந்து நேரா என்ட பரணுக்கு அடிக்கும். கருவாட்டில பழம் மணக்குதெண்டு சிலாபத்து யாவாரி எடுக்க மாட்டான். நீங்க கொம்பனி திறந்ததில இருந்தே அப்பிடித்தான்.”

“இத்தனை காலமும் ஏன் ஒரு சொல்லேனும் சொல்லவில்லை?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. “சொன்னா ஆரை எழுப்புவீங்க சேர்? கொம்பனியையா?”

கட்டடத்தின் பின்புறம் போய்ப் பார்த்தேன். கலனின் கழிவுக்காற்றை வெளிவிடும் குழாய் தாழ்வாக, பரண்களை நோக்கி, வாய் திறந்திருந்தது. எங்கள் மணக்குழுவில் ஒருவரும் அதனருகே நின்று முகர்ந்ததில்லை. அப்பக்கத்துச் சாளரங்களும் சாத்தியே கிடந்தன. அக்குழாயைக் கூரைக்கு மேலே உயர்த்த ஒரு முழுநாள்கூடச் செல்லவில்லை. யாரும் எழும்ப வேண்டியிருக்கவுமில்லை.

ஆகவே, இளையோரே, தகாத மணம் எழுந்தால் முகத்தை முதலில் உங்கள் தாங்கியின் பக்கம் திருப்புங்கள். அங்கே ஒன்றுமில்லை என்று கண்டாலும் அமைதியுறாதீர்கள். முறையீடு எப்பக்கமிருந்து வருகிறது என்பதை அனைவரும் பார்ப்பர். எப்பக்கமிருந்து ஒரு முறையீடும் வரவில்லையோ, அப்பக்கமும் ஒருதரம் நடந்துபோய் முகர்ந்து வாருங்கள்.

அக்கருவாட்டை அன்று பகல் என் மனைவி பொரித்தார். பழம் மணந்தது. எரிச்சலோடு முழுவதையும் உண்டேன்.